குளவி செய்த மண்சாடி

குளவியும் மனுஷரும் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் குளவிக்குக் கூடு கட்டத் தெரியாது. சாவித் துவாரமோ மூங்கில் ஓட்டையோ, எது கிடைத்தாலும் அதில் முட்டையிடும். எறும்பு வந்து தின்றுவிடும். அப்படி ஒரு குளவிக்குப் போட்டதெல்லாம் போச்சு. ஒரு பிள்ளைகூடத் தங்கவில்லை.

அது உமையாள் வீட்டுக்குப் போனது.

உமையாளின் கணவன் கடல் கடந்து வியாபாரம் செய்கிறவன். கப்பலில் திரும்பும்போதெல்லாம் ஒரு பீங்கான் பூச்சாடி கொண்டுவருவான். சும்மா சாடி இல்லை. ஒன்று கழுத்தை வளைத்துத் தூங்கும் அன்னம். ஒன்று விரிந்த தாமரை. ஒன்று வாலை ஊன்றி நின்று வாயைத் திறந்த மீன். எல்லாவற்றையும் கூடத்து அலமாரியில் நிறுத்தியிருந்தாள். ஒரு பூ வைக்க மாட்டாள், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற மாட்டாள். துடைப்பாள், பார்ப்பாள், கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி பார்ப்பாள்.

"உமையா, உன் மீன் சாடியில என் முட்டையை வச்சுக்கட்டுமா? அந்த வழுவழுப்புல எறும்பு ஏறாது" என்றது குளவி.

"சாடி அழுக்காயிடுமே!"

"பிள்ளை படுத்தா பாய் அழுக்காகத்தான் செய்யும். நீயும் பார்க்கத்தானே போறே."

உமையாள் சிரித்துவிட்டாள். அவளுக்கு அப்போது தலைப்பிள்ளை வயிற்றில். "சரி, வச்சுக்கோ. நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

முட்டை பொரிந்தது. குளவி பச்சைப்புழு பிடித்துவந்து பிள்ளைக்குக் கொடுத்தது. அதற்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒருநாள் காலையில் நாத்தனார் தெய்வானை, தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு சாடி பார்க்க வந்தாள். மீன் வாயில் மூக்கை வைத்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"என்ன அண்ணி, மீனுக்கு வயிறு சரியில்லையா? இந்த நாத்தம் நாறுது! கப்பல்ல வந்த சாமானை வச்சிருக்கிற லட்சணமா இது?"

எல்லாரும் சிரித்தார்கள். உமையாளுக்கு முகம் செத்துப்போனது. 'உள்ளே பிள்ளை இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் வாய் வரவில்லை. சாடியை முற்றத்துக்குத் தூக்கிப் போனாள். அடுப்பில் கொதித்த தண்ணீரை அப்படியே கொண்டுவந்து மீன் வாயில் ஊற்றினாள். அந்த நேரம் அவள் நினைப்பில் சாடி மட்டும்தான் இருந்தது.

டப்!

சாடி இரண்டாகப் பிளந்தது. நடுவில் ஒரு சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளையாக ஒன்று கிடந்தது. அசையவில்லை.

"ஐயய்யோ, உயிரா அது?" என்றாள் தெய்வானை. உமையாள் கையில் சட்டி அப்படியே நின்றது.

அப்போது குளவி வந்தது. பார்த்தது. வாயிலிருந்த புழு கீழே விழுந்தது.

"நீதானே உமையா, பார்த்துக்கிறேன்னு சொன்னே?"

கொடுக்கை நீட்டிக்கொண்டு பாய்ந்து அவள் வயிற்றில் உட்கார்ந்தது. உள்ளே பிள்ளை ஒரு உதை உதைத்தது. குளவி திடுக்கிட்டு எழும்பியது.

"உன் பிள்ளை வாய் மூடின சாடியில இருக்கு. யாரும் எட்டிப் பார்க்க முடியாது, வெந்நீர் ஊத்த முடியாது. திறந்த சாடியை நம்பினவ நான்தான்."

அதுதான் அது மனுஷரோடு பேசிய கடைசிப் பேச்சு.

கொட்டிய வெந்நீரில் முற்றத்து மண் நனைந்து கிடந்தது. அது ஆறியதும் குளவி அதை உருட்டி உருட்டி எடுத்துப் போனது. மீன் நின்ற இடத்திலேயே, அன்னத்துக்கும் தாமரைக்கும் நடுவில், ஒரு மண்சாடி செய்தது. பீங்கான் சாடிக்கு இருக்கிற அதே வயிறு, அதே கழுத்து. உள்ளே முட்டையும் புழுவும் வைத்து, வாயை மண்ணால் பூசி மூடியது.

தெய்வானை விளக்குமாற்றை எடுத்தாள். "இடிச்சுப் போட்டுடவா, அண்ணி?"

"தொடாதே! உள்ளே பிள்ளை இருக்கு!" என்று கத்தினாள் உமையாள்.

முன்னே வாயில் வராத சொல் அன்றைக்குத்தான் வந்தது. திறந்த சாடியை நம்பிக் கெட்டதால்தான் குளவி இன்றைக்கும் வாய் மூடிய மண்சாடி செய்கிறது. வீட்டில் அதைக் கண்டால் நாமும் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, "உடைக்காதே, இந்த வீட்டுக்குப் பிள்ளை வரப்போகுது" என்கிறோம்.