இலைக்கோழி வீட்டுக்கு வந்த போர் ஆணை

மேலைக்குளமும் கீழைக்குளமும் அடுத்தடுத்து இருந்தன. ஒரு கோடையில் தண்ணீர் வற்றியபோது இரண்டுக்கும் நடுவே ஒரு கோரைத்திட்டு வெளியே தெரிந்தது. திட்டு முழுக்க நத்தைகள்.

"அது எங்கள் மண்" என்றன மேலைக்குளத்துப் பறவைகள்.

"இல்லை, எங்கள் மண்" என்றன கீழைக்குளத்துப் பறவைகள்.

அதற்கு முந்தைய வாரம் வரை அந்த மண்ணை இரண்டு பக்கத்தாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

கீழைக்குளத்தின் தலைவர் மாறவேள் என்ற நாமக்கோழி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். தான் நீந்தினால் தண்ணீரே ஒதுங்கி வழிவிடுகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அவருக்கு ஒரு புலவர் இருந்தார். முழக்கனார் என்ற தவளை. குரல் மட்டும்தான் பெரிது. ஆள் ஒரு தாமரை மொட்டின் அளவுதான்.

போர் என்று முடிவானதும் முழக்கனார் ஒரு பாட்டுக் கட்டினார்.

"ஆணே எழு, குளம் அழைக்குது.
பெண்ணே இரு, கூடு அழைக்குது."

பாட்டு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பெண் பறவைகளும் சேர்ந்து பாடின. மாறவேளின் மனைவி நாச்சியார் மட்டும், "தாளம் நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மாறவேள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். முழக்கனார் அவர் முதுகில் உட்கார்ந்து பாடிக்கொண்டே வந்தார். வாத்துகள் வந்தன, முக்குளிப்பான்கள் வந்தன. கடைசியில் தாமரை இலைகளின் நடுவில் இருந்த இலைக்கோழியின் கூட்டுக்கு வந்தார்கள்.

நீண்ட கால்விரல்களை ஊன்றித் தாமரை இலைமேலேயே நடந்து திரியும் பறவை இலைக்கோழி. கூடும் இலைமேல்தான். அங்கே சாத்தப்பன் நான்கு முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தான்.

"சாத்தப்பா, எழுந்து வா. போர்" என்றார் மாறவேள்.

"வர முடியாதே, தலைவரே. அடையில் இருக்கிறேன்."

"உன் மனைவி எங்கே?"

"செங்கமலமா? எல்லையைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறாள். விடிந்ததும் ஒரு காக்கையைத் துரத்தினாள். இப்போது என்ன துரத்துகிறாளோ தெரியவில்லை."

மாறவேள் முதுகைத் திரும்பிப் பார்த்தார். "புலவரே, இது என்ன வழக்கம்?"

"பாட்டில் இப்படி இல்லையே" என்றார் முழக்கனார், கொஞ்சம் கலங்கி.

"எங்கள் இனத்தில் எப்போதும் இப்படித்தான்" என்றான் சாத்தப்பன். "அவளுக்கு உடம்பு பெரிது, கோபமும் பெரிது. எனக்குப் பொறுமை இருக்கிறது. அவரவருக்கு முடிந்ததைச் செய்கிறோம்."

வாத்துப் படையில் சிரிப்பு கிளம்பியது. "அடைக்கோழி, அடைக்கோழி" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அதற்குள் செங்கமலமே வந்து சேர்ந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "அவ்வளவுதானே ஐயா? நான் வருகிறேன். அவர் இருக்கட்டும்" என்றாள்.

"அது நாட்டுப்பற்று ஆகாது அம்மா" என்றார் மாறவேள். "ஆண் போருக்கு, பெண் கூட்டுக்கு. இது ஆணை. மீறினால் இந்தக் குளத்தில் உங்களுக்கு இலை கிடையாது."

இலை இல்லாவிட்டால் கூடு இல்லை. கூடு இல்லாவிட்டால் முட்டைகள் இல்லை. சாத்தப்பன் மெல்ல எழுந்தான்.

"செங்கமலம், வெயில் ஏறினால் இறக்கையை விரித்து நிழல் கொடு. இலை ஆட ஆரம்பித்தால் முட்டைகளை இறக்கைக்குள் இடுக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விடு. முதலில் இரண்டு, பிறகு இரண்டு."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். உண்மையில் அவளுக்குத் தெரியாது.

போர்க்களத்தில் முதல் நாள் முழுவதும் கூச்சலிலேயே போயிற்று. இந்தக் கரையில் ஒரு படை, அந்தக் கரையில் ஒரு படை. யார் முதலில் திட்டில் கால் வைப்பது என்று இரண்டு பக்கமும் காத்திருந்தன. சாத்தப்பன் படையின் ஓரத்தில் ஒரு கூழாங்கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். அவனை அறியாமலேயே அதை அலகால் புரட்டிப் புரட்டி வைத்தான்.

எதிர்க்கரையிலும் ஒரு ஆண் இலைக்கோழி ஒரு கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தது.

"உங்களையும் பிடித்து வந்துவிட்டார்களா?" என்று சாத்தப்பன் கேட்டான்.

"ஆமாம் அண்ணே. பொரிக்க ஆறு நாள்தான் இருக்கிறது."

"எனக்கு நான்கு நாள்."

இருவரும் மறுபடி கல்லைப் புரட்டத் தொடங்கினார்கள்.

இரண்டாம் நாள் காலையில் செங்கமலம் கூட்டில் தவித்துக்கொண்டிருந்தாள். உட்காருவாள், எழுவாள், எட்டிப் பார்ப்பாள், மறுபடி உட்காருவாள். அப்போது ஒரு தண்ணீர்ப்பாம்பு இலையோரமாகத் தலையை நீட்டியது. அவளுக்கு உயிரே வந்தது போல் இருந்தது. ஒரே பாய்ச்சலில் அதன் தலையில் கொத்தினாள். பாம்பு ஓடியது. அவளும் விடாமல் கரை வரை துரத்தினாள்.

திரும்பி வந்தபோது கூட்டில் மூன்று முட்டைகள்தான் இருந்தன.

பாம்பு புரண்ட வேகத்தில் இலை ஆடியிருக்கிறது. சாத்தப்பன் இருந்திருந்தால் முட்டைகளை இடுக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போயிருப்பான். அவளோ துரத்தப் போய்விட்டாள். நான்காவது முட்டை தண்ணீருக்கடியில் சேற்றில் கிடந்தது.

செங்கமலம் தண்ணீருக்குள் தலையை விட்டுப் பார்த்தாள்; முட்டை எட்டவில்லை. பிறகு பக்கத்துக் கூட்டில் தன் முட்டைகளின்மேல் அடையிருந்த நாச்சியாரிடம் போனாள்.

"அக்கா, சிறிது நேரம் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவரைக் கூட்டிவரப் போகிறேன்."

"ஆணை இருக்கிறதே" என்றாள் நாச்சியார். பிறகு செங்கமலத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "போய் வா. ஆணை போட்டவரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றாள்.

செங்கமலம் போர்க்களத்துக்குமேல் வந்தபோது இரண்டு படைகளும் ஒருவழியாகத் திட்டில் ஏறியிருந்தன. கோரை இல்லாத வெட்டவெளியில், வரிசை வரிசையாக, மார்பை நிமிர்த்திக்கொண்டு. அதற்கும் மேலே ஒரு சேற்றுப்பருந்து வட்டமிட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு வசதியாக அடுக்கிவைத்த உணவை அது இதற்குமுன் கண்டதில்லை.

"தலைவரே, மேலே பாருங்கள்" என்றாள்.

"போர்க்களத்தில் பெண்ணுக்கு என்ன வேலை? கூட்டுக்குப் போ" என்றார் மாறவேள். பிறகுதான் மேலே பார்த்தார்.

அடுத்த நொடி அந்த வெளியில் ஒரு வீரனும் இல்லை. எல்லோரும் கோரைக்குள் புகுந்துவிட்டார்கள். எந்தப் படை எந்தக் கோரை என்று யாரும் பார்க்கவில்லை. மாறவேளுக்கும் மேலைக்குளத்துத் தலைவருக்கும் ஒரே புதர்தான் கிடைத்தது.

பருந்து இறங்கியது. செங்கமலம் நேராக அதன் முகத்துக்கு எதிரே பறந்தாள். அது திகைத்து விலகிய இடத்தில் மேலைக்குளத்திலிருந்து இன்னொரு பெண் இலைக்கோழி எழும்பி வந்தாள். இருவருக்கும் அறிமுகமில்லை. ஒருத்தி முகத்தைக் கொத்தினாள், ஒருத்தி முதுகைக் கொத்தினாள். பருந்து நான்கு தடவை சுற்றிவிட்டு, இந்த உணவுக்கு இவ்வளவு பாடு வேண்டாம் என்று போய்விட்டது.

கோரைக்குள் இரண்டு தலைவர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் நின்றார்கள்.

"நத்தை ரொம்ப இருக்கிறதே" என்றார் மேலைக்குளத்துத் தலைவர்.

"இருக்கிறது. காலையில் நீங்கள், மாலையில் நாங்கள் என்று வைத்துக்கொண்டால் என்ன?" என்றார் மாறவேள்.

போர் அத்தோடு முடிந்தது.

சாத்தப்பன் இதையெல்லாம் பார்க்க அங்கே இல்லை. பருந்து விலகியதுமே வீட்டுக்கு ஓடிவிட்டான். செங்கமலம் வந்தபோது மூன்று முட்டைகளையும் இறக்கைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒன்றை விட்டுவிட்டேன்" என்றாள் அவள்.

"நாச்சியார் அக்கா சொன்னார்கள்."

"திட்டுங்கள்."

"உன்னைத் திட்டி என்ன ஆகப்போகிறது? பக்கத்தில் உட்கார்." அவன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

அன்று மாலை முழக்கனார் வெற்றிப்பாட்டுக் கட்டினார். அதில் மாறவேள் பருந்தை ஒரே உதையில் விரட்டினார். நாச்சியார் பாதியில் நிறுத்தினாள்.

"புலவரே, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"சேற்றுக்குள், அம்மா."

"அங்கிருந்து இவ்வளவும் தெரிந்ததா?"

நாச்சியார் கணவனிடம் திரும்பினாள்.

"இரண்டு நாளாக நான் கால் நீட்டவில்லை. பசி வேறு. வந்து உட்காருங்கள்."

"நானா? நான் தலைவர் அல்லவா?"

"தலைவருக்குக் கீழே முட்டை ஆறிப்போகுமா என்ன?"

படை மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, மாறவேள் கூட்டில் ஏறினார். முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். பிறகு வயிற்றை இறக்கினார். கீழே முட்டைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று மெல்லத் தட்டியது. அவர் முகம் மாறியது.

"சாத்தப்பா," என்று பக்கத்துக் கூட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார், "இவற்றை எந்தப் பக்கமாகப் புரட்ட வேண்டும்?"

இது ஆணின் வேலை, இது பெண்ணின் வேலை என்று பாட்டுக்கட்டிப் பிரிப்பதைவிட, யாருக்கு எது கைவருகிறதோ அதை அவர் செய்ய விடுவதே நாட்டுக்குச் செய்யும் பெரிய தொண்டு.