நொடிக்கு ஒரு சேதி

"என்ர வீட்டுல எவனோ சூட்டைக் கெளப்பி வுடறானுங்க, டீச்சர். அந்த ஆளை மட்டும் புடிச்சுக் குடுங்க. அவனையே சரி பண்ண வெச்சுப்போடறேன்."

சென்னியப்பன் வெள்ளைப் பெட்டியை வைத்த வேகத்தில் மேசையிலிருந்த திருகாணிகள் நாலு பக்கமும் உருண்டன.

தில்ஷாத் டீச்சர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார்.

"உட்காருங்கண்ணா."

"உட்கார நேரமில்லீங்க."

"நிக்கறதுக்கு?"

உட்கார்ந்தார்.

திருப்பூரில் பனியன் வேஸ்ட் வாங்கி விற்று, தராசு முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே அறுபது வயதுக்கு வந்தவர் அவர். பள்ளிக்கூடத்தைப் பெரிதாகப் பார்த்ததில்லை. பேத்தி குறைமாதத்தில் பிறந்தபோது, அவள் படுக்கிற அறையின் சூடு இருபத்தேழு இருபத்தெட்டு டிகிரியிலேயே நிற்க வேண்டும், காற்றில் ஈரமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் விற்கிற கருவி எதையும் சென்னியப்பன் நம்பவில்லை. மாடியில் டிவி பழுது பார்த்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் சொல்லித்தரும் தில்ஷாத்திடம் வந்து சேர்ந்தார். மகள் வயதுப் பெண்ணை டீச்சர் என்று கூப்பிட்டு, ஈயம் பற்றவைக்கப் பழகி, இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டு, தானே ஒரு பெட்டி செய்தார். உள்ளே சின்னதாக ஒரு சென்சார், அதை ஒட்டி வைஃபை போர்டு. அறையின் சூட்டையும் ஈரத்தையும் அளந்து இணையம் வழியாக அது அவர் கைப்பேசிக்குச் சேதி அனுப்பும். குடோனில் உட்கார்ந்தபடியே பேத்தியின் அறையைக் காவல் காத்தார்.

"சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"எந்நேரமும் முப்பத்தி ரெண்டு காட்டுதுங்க. ஏசியை இருபதுல வெச்சாத்தான் பொட்டியில இருபத்தெட்டு வருது. ஈரமும் கம்மி கம்மின்னே சொல்லுது. கொடி கட்டி ஈரத்துண்டு தொங்கவுட்டிருக்கேன்."

"யாரையெல்லாம் கேட்டீங்க?"

"ஏசி மெக்கானிக்கைக் கேட்டேன். எல்லாம் சரியா இருக்குதுன்னான். களவாணின்னு சொல்லித் தொரத்திவுட்டேன். பக்கத்து வீட்டு ஏசி நம்ம செவுத்தைப் பாத்து அனல் ஊதுதுன்னு சண்டைக்குப் போனேன். பாவம், தூக்கி மொட்டை மாடியில வெச்சுட்டான். அப்பறமும் அதே சூடு. கடைசீல பாத்தா நம்ம மருமக. நான் அந்தப் பக்கம் போனா இந்தப் பக்கம் ஏசியை அமத்திடறா."

"எதுக்காம்?"

"புள்ளைக்குப் பாதம் சில்லுன்னு இருக்குதாம். மூக்கு அடைக்குதாம். பொட்டி சூடுங்குது, இவ குளுருங்கறா. நான் எதைங்க நம்பறது? ரிமோட்டை எடுத்து வெச்சுட்டேன்."

சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். ரிமோட்டின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பறம்?"

சென்னியப்பனின் குரல் இறங்கியது.

"காத்தால மெயின் சுவிட்சையே அமத்திப்போட்டா. சாயங்காலத்துக்குள்ள பொட்டி ஒரு முடிவுக்கு வரலைன்னா புள்ளையைத் தூக்கிட்டுத் தாராபுரம் போறாளாம், அவங்கப்பன் வீட்டுக்கு. பையன் மஸ்கட்ல இருக்கறான். நான் பேசின பேச்சுக்கு, போனா இனி திரும்ப மாட்டாங்க."

பெட்டி அப்போதும் பவர் பேங்கில் செருகியபடிதான் இருந்தது. வழியில்கூட அது சும்மா இருப்பது அவருக்குப் பொறுக்காது. கைப்பேசியில் எண் ஓடிக்கொண்டிருந்தது. முப்பத்தி நாலு.

டீச்சர் சன்னலோரம் ஆணியில் தொங்கிய கண்ணாடி வெப்பமானியைக் காட்டினார். அதில் இருபத்தொன்பது.

"அது பழசுங்க" என்றார் சென்னியப்பன்.

டீச்சர் பெட்டியின் வயரை உருவினார். கைப்பேசியில் எண் நின்றது.

"அரை மணி நேரம் கிடக்கட்டும்."

"பத்து நிமிஷம் போதுங்க."

"அரை மணி."

"உங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், பதினஞ்சுல முடிச்சுக்கலாம்."

டீச்சர் திறந்துகிடந்த ஒரு டிவியின் பக்கம் திரும்பி வேலையைத் தொடர்ந்தார். பேரம் பேச எதிரே ஆள் இல்லை.

சென்னியப்பன் கைப்பேசியைப் பார்த்தார். நின்ற எண்ணைத் தேய்த்துப் பார்த்தார். எழுந்து சன்னலுக்குப் போனார், வந்தார். யாரோ தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டதுபோல் கை பரபரத்தது.

கைப்பேசி அடித்தது. மருமகள் யசோதா.

"மாமா, ஆட்டோவுக்குச் சொல்லிட்டேன். அஞ்சரைக்கு வந்துரும்."

"உன்னை யாரு அம்மணி ஆட்டோவுக்குச் சொல்லச் சொன்னது? நான் ஒருத்தன் இங்க நாயா அலையறேன், நீ..."

அந்தப் பக்கம் குழந்தை இருமியது. சின்ன இருமல், பூனைக்குட்டி தும்முகிற மாதிரி. ஒன்று, பிறகு விடாமல் நாலைந்து.

யசோதா வைத்துவிட்டாள்.

மணி ஐந்தாகப் போகிறது. டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வயரைச் செருகினார். இந்தக் கடையின் வைஃபையும் அந்தப் பெட்டிக்குத் தெரியும். அது பிறந்ததே இந்த மேசையில்தான்.

முதல் சேதி வந்தது. இருபத்தொன்பது.

"பாத்தீங்களா" என்றார் சென்னியப்பன். "இங்க ஒழுங்காச் சொல்லுது. அப்ப என்ர வீட்டுலதான் எவனோ..."

"பாத்துட்டே இருங்க."

முப்பது ஆனது.

சென்னியப்பன் மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

முப்பத்தொன்று.

"வெயிலு உள்ள வருதுங்க." எழுந்து சன்னலைச் சாத்தினார்.

முப்பத்தி ரெண்டு. கண்ணாடிக் குழாயில் இருபத்தொன்பது அசையவில்லை.

கதவைத் திறந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. திரும்பி வந்தபோது முப்பத்தி மூணு. ஈரம் இறங்கிக்கொண்டே போனது. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"உள்ள யாருமே வரலீங்களே, டீச்சர்."

"வரலை."

"அப்பறம் யாருங்க?"

"பெட்டியைத் தொட்டுப் பாருங்க."

தொட்டார். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றிபோல் இருந்தது. கையை எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"எவ்வளவு நேரத்துக்கு ஒரு சேதி அனுப்புது?" என்று கேட்டார் டீச்சர்.

"நொடிக்கு ஒண்ணுங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா அனுப்பட்டும், நடுவுல அது தூங்கட்டும்னீங்க." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "பத்து நிமிஷத்துல எவன் வேணா என்ன வேணா பண்ணிப்போடுவானுங்களே."

"காத்துப் போக ஓட்டை போடச் சொன்னேனே?"

"தூசி போகும்னு பசை வெச்சு அடைச்சுட்டேன்."

"சென்சாரை ஒயர் போட்டுத் தள்ளி வைக்கச் சொன்னேன்."

"பொட்டி கச்சிதமா இருக்கட்டும்னுங்க."

டீச்சர் ஒரு சின்னத் திருப்புளியால் பசையை நெம்பி மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து அனல் அவர் முகத்தில் வந்து அடித்தது. சென்னியப்பன் குனிந்து உள்ளே பார்த்தார். அந்தச் சின்ன சென்சார், நொடிக்கொரு சேதி அனுப்பியே கொதித்துப்போன போர்டின் மேல் படுத்துக் கிடந்தது. பேத்தியின் அறையை அது ஒருநாளும் பார்த்ததில்லை.

"அப்பப் பாப்பா ரூமு..." என்று ஆரம்பித்தார்.

"பெட்டி இருபத்தெட்டுன்னப்பல்லாம் இருபத்தி நாலுதான் இருந்திருக்கும். இன்னும் கீழகூடப் போயிருக்கும்."

"ஈரம்?"

"பெட்டி சூடாயிருந்தா ஈரம் குறைச்சலாத்தான் காட்டும். நிஜத்துல அதிகம்."

அதற்கு மேல் அவர் துண்டு வேறு தொங்கவிட்டிருந்தார். பூனைக்குட்டி இருமல் காதுக்குள் கேட்டது.

மணியைப் பார்த்தார். ஐந்தேகால். வண்டியில் போனால் பத்து நிமிஷம். ஆனால் அவர் கிளம்பவில்லை. ஊரில் எத்தனையோ பேரை மடக்கிய வாய், உள்ளே ஒரு வழி தேடியது. கிடைத்தும் விட்டது.

"டீச்சர், நீங்க அவளுக்கு ஒரு போன் போட்டுடுங்க. பொட்டியில கோளாறு, பாவம் மாமனாருக்கு என்ன தெரியும்னு ஒரு வார்த்தை. நீங்க சொன்னாக் கேட்டுக்குவா."

டீச்சர் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"பெட்டியில கோளாறு இல்லைங்கண்ணா. வந்ததும் வராததுமா ஒரு ஆளைப் புடிச்சுக் குடுக்கச் சொன்னீங்க. கெடைச்சாச்சு. ரிமோட்டு அவரு சட்டைப்பையிலதான் இருக்குது. ஆட்டோ வர்றதுக்குள்ள அவரே வீட்டுக்குப் போய்ச் சரி பண்ணட்டும்."