பளிங்கி வயிற்றில் ஒரு சொட்டு

குடுவை கழுவிக்கொண்டே சொல்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாப்பாவைக் காவலாளி வீட்டு அக்காவிடம் விட்டிருக்கிறேன், கூப்பிட்டால் ஓட வேண்டும். இந்த ஆய்வுக்கூடத்தில் தண்ணீருக்குள் கல் வளர்க்கிறார்கள். பலமான லேசர் ஒளி ஊடே போவதற்கான கல். கல்லை எடுத்த பிறகு குடுவையில் மிச்சம் நிற்கிற தண்ணீருக்குத் தாய்நீர் என்று பெயர். அந்தத் தாயின் கதைதான் இது.

அந்தக் காலத்தில், தண்ணீரும் காற்றும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு மலைக்குழியில் உவரி என்று ஒரு நீர் இருந்தாள். அவளுக்குள் கரைந்து கிடந்த உப்பெல்லாம் கல்லாக ஒன்றுகூடி ஒரு மகள் ஆனது. பளிங்கி என்று பெயர் வைத்தாள். தன் உடம்பிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஊட்டினாள். மகள் வளர வளரத் தாய் இளைத்தாள்.

பக்கத்தில் வாடைக்காற்று குடியிருந்தாள்.

“என்னடி உவரி, நத்தை நடக்கிற மாதிரி வளக்குறே? நான் ஒரு ஊது ஊதினா மடமடன்னு வளந்துருவா.”

“வேணாம் மதினி. வேகமா வளந்தா உள்ளே ஓட்டை விழும்.”

ஒருநாள் செங்கதிர் பெண் கேட்டு வந்தான்.

“அத்தை, மலைக்கு அந்தப் பக்கம் சனம் இருட்டுல தவிக்குது. பாறையைத் துளைச்சுக்கிட்டு நான் போகணும். சிதறிக் கிடக்கிற என் கதிரெல்லாம் ஒண்ணா கூடி நடக்க, உங்க மக மாதிரி தெளிஞ்ச உடம்பு வேணும். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். உள்ளே ஒரு தூசி, துளி ஈரம் இருந்தாலும் அவ என்னைத் தாங்க மாட்டா.”

“என் மகளுக்குள்ள தேடினாலும் ஒண்ணும் கிடைக்காது மாப்பிள்ளை,” என்றாள் உவரி. அன்றைக்கு அது உண்மைதான்.

நாள் குறித்தார்கள். புறப்படுகிற அன்று பளிங்கி கேட்டாள்: “அம்மா, அங்க தண்ணி இருக்குமா?”

“வெயில் வீட்டுல ஏதுடி தண்ணி?”

“அப்ப உன்னைத் தேடினா என்ன செய்வேன்?”

உவரிக்குப் பொறுக்கவில்லை. கட்டிக் கொடுக்கிற பெண்ணை வெறும் மடியோடு அனுப்புவதா? கொடுக்க அவளிடம் வேறு என்ன இருந்தது, தன்னைத் தவிர?

“மதினி, ஒரே ஒரு தடவை ஊது,” என்றாள்.

“நீயா கேக்குறே?” வாடைக்கு நம்ப முடியவில்லை.

“என்னில ஒரு சொட்டை அவ வயித்துல வச்சு மூடணும். தாய்வீட்டுத் தண்ணி.”

“மாப்பிள்ளை சொன்னாரேடி.”

“ஒரு சொட்டுதானே மதினி.”

வாடை ஊதினாள். குளிர்ந்த வேகத்தில் பளிங்கியின் மேல் அவசரமாக ஒரு தோல் படர்ந்து, சொட்டை உள்ளே வைத்து மூடிக்கொண்டது. “ஜில்லுன்னு இருக்கும்மா,” என்று சிரித்தாள் பளிங்கி. சிரித்த முகத்தோடுதான் கரையேறினாள்.

செங்கதிர் தன் கதிரையெல்லாம் கூட்டிக்கொண்டு அவளுக்குள் நுழைந்தான். பாதி உடம்பு வரை பளிங்கி ஜொலித்தாள். பாறைகூட வாய் பிளந்து பார்த்தது. அப்புறம் சொட்டு கொதித்தது.

“அம்மா, உள்ளே சுடுது.”

அவ்வளவுதான். டப்பென்று ஒரு சத்தம். பளிங்கி இரண்டாகக் கிடந்தாள். சொட்டு ஆவியாகிப் போயிருந்தது.

“சொன்னேனே அத்தை,” என்றான் செங்கதிர். திட்டியிருந்தால்கூட உவரிக்கு மனசு ஆறியிருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் இருட்டு இருட்டாகவே இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், வாடை நுழையாமல் கதவைச் சாத்தி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாய் ஆறவிட்டு, இப்படிப் பொறுமையாகக் கல் வளர்க்கிற வழக்கம். அப்படியும் சில கல்லுக்குள் ஒரு சொட்டு தங்கிவிடுகிறது. பழுது என்று ஒதுக்கி வைப்பார்கள். எனக்கு மட்டும் அந்தக் கல்லைக் குப்பையில் போடக் கை வருவதில்லை, ஏனென்றால் அந்தச் சொட்டு...

“அன்னக்கொடி! பிள்ளை முழிச்சுட்டா, உன்னத்தான் தேடுறா!”

வந்துட்டேன் அக்கா, கை ஈரமா இருக்கு...