மருதி தின்ற கொள்ளு

மனிதர் பேச்சு விலங்குக்கும், விலங்கின் பேச்சு மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், மேற்கு மலையின் அடிவாரக் காட்டில் ஒரு புள்ளிமான் கூட்டம் இருந்தது. அதை நடத்திச் சென்றவள் மருதி என்ற பெண்மான். எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தப் பாறைச் சரிவில் புலி படுத்திருக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் காது விடைத்தால் மற்றவர்கள் மேய்வதை நிறுத்துவார்கள். அவள் நடந்தால் பின்னாலேயே நடப்பார்கள்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. அடுத்த வருடமும் பொய்த்தது. புல் கருகி, மூங்கில் காய்ந்து, நெல்லி மரங்கள் பூக்காமலே நின்றன. மான்கள் மரப்பட்டையை உரித்துத் தின்றன. மருதியின் தங்கை செங்கி அப்போது சினையாக இருந்தாள். நடக்கும்போது அவளுடைய பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

காட்டின் ஓரத்தில் மாசாணன் என்ற வேட்டைக்காரன் குடிசை போட்டிருந்தான். அவன் ஒரு மரத்தைக் குடைந்து தொட்டி செய்து, அவித்த கொள்ளையும் தவிட்டையும் அதில் கொட்டி, மேலே ஒரு கை உப்பைத் தூவி, மரங்கள் முடிகிற இடத்தில் வைத்தான். மணம் கூட்டத்தை எட்டியது. கிட்டே போக யாருக்கும் துணிவில்லை. மருதி மட்டும் போனாள்.

குடிசை வாசலில் வில்லுக்கு நாண் முறுக்கிக்கொண்டிருந்த மாசாணன் எழுந்திருக்கவில்லை.

"தின்னு. உன் ஆட்களையும் கூட்டி வா," என்றான்.

"எதற்காக வைத்திருக்கிறாய்?"

"நீங்கள் எல்லாரும் செத்துப்போனால் எனக்கு வேட்டை ஏது? ஒளிக்காமல் சொல்கிறேன், கேட்டுக்கொள். காடு காய்ந்து கிடக்கும்வரை இந்தத் தொட்டியில் வாய் வைக்கிறவர்கள் மேல் அம்பு விட மாட்டேன். மழை பெய்து காடு தழைத்துவிட்டால் உங்கள் தீனி உங்களுக்கு உண்டு. அதற்குப் பிறகும் இங்கே வந்தால் அம்பு விடுவேன். அப்போது என்னைக் குறை சொல்லக் கூடாது."

மருதி சரி என்றாள்.

திரும்பும் வழியெல்லாம் யோசித்தாள். அம்பு என்று காதில் விழுந்தாலே கூட்டம் மிரண்டு மலையேறிவிடும். செங்கியால் மலையேற முடியாது. அதனால் அவன் சொன்னதில் பாதியை மட்டும் சொன்னாள்.

"தொட்டியில் தின்கிறவர்களை அவன் ஒன்றும் செய்ய மாட்டான். வாக்குக் கொடுத்திருக்கிறான்."

மீதியை மழை வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கூட்டம் போய்த் தின்றது, பிழைத்தது. செங்கி ஒரு பெண்குட்டியை ஈன்றாள்.

பிறகு மழை வந்தது. ஓடைகள் கரை தெரியாமல் ஓடின. காடெங்கும் புல் முழங்காலுக்கு எழும்பியது, மூங்கில் குருத்து விட்டது, நெல்லிக்காய் மிதிபடும் அளவுக்கு உதிர்ந்து கிடந்தது. கூட்டம் தொட்டியை மறந்து உள்காட்டுக்குப் போய்விட்டது. யாரும் அதைப் பற்றிப் பேசாததால் மருதியும் மீதியைச் சொல்லவில்லை. இப்போது சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அவித்த கொள்ளின் ருசியும் உப்பும் அவள் நாக்கை விட்டுப் போகவில்லை. மாசாணன் இன்னும் தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டுதான் இருந்தான். அவன் வில்லை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போவதைப் பார்த்துவிட்டு, மெல்லத் தொட்டிக்குப் போவாள். நாலு வாய் தின்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் கூட்டத்தில் கலந்துவிடுவாள். ஒவ்வொரு முறையும், இதுதான் கடைசி என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

ஒரு நாள் செங்கி அவள் முகத்தை முகர்ந்தாள்.

"அக்கா, உன் வாயில் கொள்ளு மணக்கிறதே."

"காட்டுக் கொள்ளு. ஓடைக்கு அந்தப் பக்கம் முளைத்திருந்தது."

"எனக்கும் காட்டேன்."

"கொஞ்சம்தான் இருந்தது. தீர்ந்துவிட்டது."

மறுநாள் காலையில் செங்கி குட்டியைப் புதரில் படுக்க வைத்துவிட்டு, அக்காவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். மருதி தொட்டியில் தலையை விட்டிருப்பதைக் கண்டதும் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

"இதற்கா பொய் சொன்னாய்? கூப்பிட்டிருந்தால் நானும் வந்திருப்பேனே," என்று சொல்லிக்கொண்டே அவளும் வாய் வைத்தாள்.

"வேண்டாம் செங்கி. வா, போய்விடலாம்."

"ஏன்? அவன்தான் வாக்குக் கொடுத்திருக்கிறானே."

மருதி பதில் சொல்ல வாயெடுத்தாள். மறைத்ததைத் தங்கையின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசியது. எப்படித் தொடங்குவது என்று தடுமாறி நின்றாள். அந்தத் தடுமாற்றத்துக்குள் அம்பு வந்து செங்கியின் விலாவில் இறங்கிவிட்டது.

தொட்டியைச் சுற்றிக் குளம்புத் தடங்களைப் பார்த்திருந்த மாசாணன் அன்று மலைக்குப் போகவில்லை. போவதுபோல் போய்த் திரும்பி வந்து புதருக்குள் உட்கார்ந்திருந்தான்.

"வாக்குக் கொடுத்தாயே," என்றாள் செங்கி, தரையில் கிடந்தபடி.

மாசாணன் திகைத்தான். "உன் அக்காவிடம் எல்லாம் சொல்லித்தானே வைத்தேன். காடு தழைத்த பிறகு வரக் கூடாது என்று அவள் சொல்லவில்லையா?"

செங்கி கண்ணைத் திருப்பி மருதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. அக்கா ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தாள். மருதி வாய் திறப்பதற்குள் அந்தக் கண் நிலைத்துவிட்டது.

மாசாணன் இரண்டாவது அம்பைத் தொடுக்கவில்லை. வில்லைத் தாழ்த்திக்கொண்டான்.

"போ. பசி இல்லாமல் வந்தவள் நீ. உன்னைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது."

அவன் கொன்றிருந்தால் தேவலை என்று மருதிக்கு இருந்தது. ஓடைக்குப் போய் வாயைச் சேற்றில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். புதரிலிருந்து குட்டி எழுந்து வந்தது.

"பெரியம்மா, அம்மா எங்கே?"

அதை அழைத்துக்கொண்டு கூட்டத்தின் நடுவே போய் நின்று, மாசாணன் சொன்னதை முழுக்கச் சொன்னாள். தான் போய் வந்ததையும் செங்கி விழுந்ததையும் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. பால் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு தாய் குட்டியைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டாள். அன்று மாலை கூட்டம் நகர்ந்தபோது மருதி முன்னால் வருவாள் என்று யாரும் காத்திருக்கவில்லை. அவளும் கடைசியாகத்தான் நடந்தாள். அதற்குப் பிறகு எப்போதும் கடைசியாகத்தான்.

சில வருடங்கள் கழித்து மழை மறுபடியும் பொய்த்தது. மாசாணன் தொட்டியை நிரப்பி வைத்தான். பசியில் வயிறு ஒட்டிப்போன மான்கள் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றன. ஒருவரும் காலெடுத்து வைக்கவில்லை. அப்போது செங்கியின் மகள், நன்றாக வளர்ந்துவிட்டவள், கூட்டத்தின் பின்கோடிக்கு வந்தாள். அத்தனை வருடங்களில் அவள் மருதியிடம் வந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"போகலாமா பெரியம்மா? நீங்கள் சொல்லுங்கள்."

மருதி நிமிராமலே சொன்னாள்: "பசிக்குப் போகலாம். அதில் வெட்கம் இல்லை. மழை விழுந்து புல் முளைத்துவிட்டால் அந்தப் பக்கம் திரும்பவே கூடாது. நான் திரும்பினேன்."

கூட்டம் போய்த் தின்றது. மாசாணனும் சொன்ன சொல் தவறவில்லை.

மழை வந்து காடு தழைத்ததும் அவன் கொள்ளை இன்னும் பக்குவமாக அவித்து, உப்பை அள்ளித் தூவிவிட்டு, வில்லோடு மறைந்திருந்தான். கூட்டம் தொட்டி கண்ணில் படும் தூரத்தில்தான் மேய்ந்தது. காற்று மணத்தைக் கொண்டுவந்தபோது செங்கியின் மகளுடைய மூக்கு ஒரு தரம் விரிந்தது. உடனே முகத்தைப் புல்லுக்குள் புதைத்துக்கொண்டாள். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மருதி தொட்டிக்கு முதுகைக் காட்டி நின்றாள். கொள்ளு புளித்து நுரைக்கும்வரை காத்திருந்த மாசாணன், அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனான்.

காடு வறண்ட காலத்தில் வேட்டைக்காரன் வைத்த தீனிக்கு வருகிற மான், காடு நிறைந்த காலத்தில் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் தலையைக் குனிந்து மேய்ந்தபடியே கடந்துபோவது அன்று முதல்தான்.