மாடியறைத் தாழ்ப்பாள்

சிவநேசன் எழுதுவதற்கென்று ஒரு அறை கட்டினான். மொட்டைமாடியில், தகரக் கூரை போட்ட சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, வாங்கி வைத்துப் படிக்காமலே கிடந்த புத்தகங்கள். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்.

தாலுகா அலுவலகத்திலிருந்து வந்ததும் காபியைக் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விடுவான். அவன் பின்னாலேயே அவன் மகள் கோதையும் படியேறுவாள். யூகேஜி படிக்கிற பிள்ளை. கதவைத் தட்டுவாள். முதலில் சில நாட்கள் திறந்து பார்த்தான். நாவல் நகரவில்லை. பிறகு திறப்பதை நிறுத்திக்கொண்டான்.

போன வாரம் ஒருநாள் தட்டல் சத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. சாப்பாட்டு நேரத்துக்குக் கதவைத் திறந்தபோது, அவனுடைய செருப்பைத் தலைக்கு வைத்துக்கொண்டு வாசலிலேயே தூங்கிப்போயிருந்தாள் கோதை.

அன்று இரண்டு பக்கம் எழுதியிருந்தான். இரண்டுமே நன்றாக வந்திருந்தன. அதுதான் அவனை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி வாசுகிக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. கோதையைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினான். அங்கேதான் பரஞ்சோதி இருந்தார். கல்லூரியில் அவனுக்குத் தமிழ் எடுத்தவர். நாவலாசிரியர். அவன் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவரும் அவர்தான்.

பரஞ்சோதி கூடத்தில் உட்கார்ந்து தடிமனான புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வா நேசா. இது யாரு, கோதையா? வளந்துட்டியே."

சிவநேசன் உட்கார்ந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். அறையைப் பற்றி, நாவலைப் பற்றி, தாழ்ப்பாளைப் பற்றி. செருப்பு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

"அய்யா, எழுதணும். படிக்கணும். பிள்ளையையும் பாத்துக்கணும். மூணும் சேர்ந்து வர மாட்டேங்குது. ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு விழுது. நீங்க எப்படி சமாளிச்சீங்க?"

பரஞ்சோதி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"அதுல என்னன்னா நேசா, முதல்ல நாம—"

"தாத்தா, தண்ணி" என்றாள் கோதை.

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

"என்ன சொல்லிட்டிருந்தேன்?"

"முதல்ல நாம, அப்படின்னு ஆரம்பிச்சீங்க."

"ஆமா. முதல்ல நாம என்ன பண்றோம்னா—"

"தாத்தா, இந்த புக்ல என்ன கதை?"

"கோதை, பேசாம இரு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல" என்றான் சிவநேசன்.

ஆனால் பரஞ்சோதி அதற்குள் அவளைத் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இது கரையான் கதை. கேக்குறியா?"

அது கதைப் புத்தகமே அல்ல. பூச்சி ஆராய்ச்சி நூல். பக்கத்துக்குப் பக்கம் அட்டவணை. அவர் விட்ட இடத்திலிருந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நடுநடுவே நிறுத்தி அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். புற்றுக்கு நடுவில் ஒரு அறை. அதில் ராணி. ராணி படுத்தபடியே முட்டை இடும். வேலைக்காரக் கரையான்கள் அதற்குச் சோறு ஊட்டும்.

"அப்பாக் கரையான் எங்க?" என்று கேட்டாள் கோதை.

பரஞ்சோதி இரண்டு பக்கம் தள்ளித் தேடினார். "ராஜான்னு போட்டிருக்கு. அதுவும் அந்த ரூம்லயேதான் இருக்குமாம். சாகுறவரைக்கும்."

"வெளிய வராதா?"

"வராது."

"அந்த ரூமுக்குக் கதவு இருக்கா?"

"கதவு இல்ல. சின்னச் சின்ன ஓட்டை இருக்காம். மத்த கரையானெல்லாம் அது வழியா உள்ள போயிட்டு வந்துட்டு இருக்கும்."

கோதை கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"எங்க அப்பா ரூம்ல ஓட்டை இல்ல" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் பூனை இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். சிவநேசன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரஞ்சோதி அடுத்த பத்தியைப் படித்தார்.

அதற்குள் அவருடைய மகள் செம்மலர் உள்ளேயிருந்து வந்தாள். கால்நடை மருத்துவம் படிப்பவள். விடுமுறைக்கு வந்திருந்தாள். "கோதை, பின்னாடி மண்ணு கொட்டியிருக்கு. நாம ஒரு புத்து கட்டலாமா?" என்றாள். கோதை ஒரே ஓட்டமாக ஓடினாள்.

கூடம் அமைதியானது. சிவநேசன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அய்யா, நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

"மறந்துபோச்சுப்பா" என்றார் பரஞ்சோதி.

சிவநேசனுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்தது இதற்கா?

"அய்யா, தப்பா நினைக்காதீங்க. தனிமை இல்லாம எழுத்து வராது. உங்க ரெண்டாவது நாவலையே எடுத்துக்குங்க. ஒன்பதாம் அத்தியாயம். அம்மா செத்துட்டான்னு ஆள் வந்து சொல்றான். மகன் திரும்பிப் பாத்து, 'அப்படின்னா' அப்படிங்கிறான். அவ்வளவுதான். மீதிப் பக்கம் முழுக்க வெள்ளை. அடுத்த அத்தியாயம் மழைக்காலத்துல ஆரம்பிக்குது. அந்த மௌனம் வரணும்னா ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் தனியா உக்காந்திருக்கணும்? நான் அதைப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்கேன்."

"படிச்சேன். பன்னிரண்டு பக்கம்." பரஞ்சோதிக்குச் சிரிப்பு வந்தது. கொல்லைப் பக்கம் திரும்பி, "மலரு, இங்க ஒரு நிமிஷம் வா" என்று கூப்பிட்டார்.

மண் கையோடு வந்து நின்றாள் செம்மலர்.

"ஒன்பதாம் அத்தியாயம் எழுதினப்போ நீ என்ன பண்ணினேன்னு அண்ணனுக்குச் சொல்லு."

"அய்யோ அப்பா, அதையா?" அவள் சிரித்தாள். "புளியங்கொட்டையை மூக்குல போட்டுக்கிட்டேண்ணே. நாலு வயசு. அம்மா ஊர்ல இல்ல. மூக்குலேர்ந்து ரத்தம். அப்பா பேனாவை மூடக்கூட இல்ல. சட்டை போடாமயே என்னைத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடியிருக்காரு."

"அப்புறம்?" என்றான் சிவநேசன்.

"அப்புறம் வந்து உக்காந்தேன்" என்றார் பரஞ்சோதி. "'அப்படின்னா' வரைக்கும் இருந்துச்சு. அதுக்கு மேல அவன் என்ன சொல்ல வந்தான்னு எனக்கு ஞாபகம் வரல. ரெண்டு நாள் முட்டிப் பாத்தேன். வரவே இல்ல. பதிப்பகத்துல அவசரப்படுத்தினாங்க. அப்படியே கொடுத்துட்டேன்."

செம்மலர் கொல்லைக்குத் திரும்பிப் போனாள். சிவநேசனுக்குத் தன் கட்டுரையில் அந்த வெள்ளைப் பக்கத்தைச் சிதம்பர ரகசியம் என்று எழுதியது ஞாபகம் வந்தது. காது சூடானது.

"இத்தனை வருஷமா ஏன் அய்யா சொல்லல?"

"கட்டுரை நல்லா இருந்துச்சு. கெடுப்பானேன்?"

சிவநேசன் தன்னை மறந்து சிரித்துவிட்டான். சிரித்து முடித்ததும் மெதுவாகச் சொன்னான்.

"போன வாரம் கோதை கதவுகிட்டயே தூங்கிட்டா. என் செருப்பைத் தலைக்கு வச்சுக்கிட்டு."

"எழுதினியா அன்னிக்கு?"

"ரெண்டு பக்கம்."

"நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு அய்யா."

பரஞ்சோதி தலையாட்டினார். அது பாராட்டா கண்டிப்பா என்று அவனுக்குத் தெரியவில்லை.

"உங்களுக்கு எல்லாத் தடவையும் இப்படி நல்லதாவே முடிஞ்சுதா?" என்று கேட்டான்.

"எங்க! எத்தனையோ நல்ல பக்கம் போயிருக்கு. பள்ளிக்கூட வாசல்ல காத்துக்கிட்டு நின்னதுல ஒரு கதையே போச்சு."

"வருத்தமா இல்லையா?"

"இருக்கு. இப்பவும் இருக்கு." அவர் கொல்லைப் பக்கம் பார்த்தார். செம்மலர் ஏதோ சொல்ல, கோதை கெக்கலி கொட்டிச் சிரித்தாள். "ஆனா புளியங்கொட்டை வெளிய வந்துருச்சே."

சிவநேசன் முன்னால் சாய்ந்தான். இப்போதுதான் சரியான கேள்வி பிடிபட்டது போலிருந்தது.

"அப்போ ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் அய்யா. ஒரு மனுஷன் தன்னோட—"

"அப்பா, வந்து பாரு" என்று கொல்லையிலிருந்து குரல் வந்தது.

எழுந்து போனான்.

கோதையின் இடுப்பளவுக்குப் புற்று எழும்பியிருந்தது. உச்சியில் ஒரு வேப்பங்குச்சி. அவள் விரலால் பக்கவாட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். துளை நிற்காமல் சரிந்து சரிந்து மூடிக்கொண்டது.

"ஈரமண்ணு வேணும்" என்றான் சிவநேசன். வாளியில் தண்ணீர் மோந்துவந்து, மண்ணைக் குழைத்து, துளையின் விளிம்பில் பூசினான். அவள் கை போகிற அளவுக்குப் பெரிதாக்கினான்.

"இதுதான் வாசலா?"

"வாசல்தான்."

"தாழ்ப்பாள் எங்க வைக்க?"

"இதுக்குத் தாழ்ப்பாள் கிடையாது" என்றான்.

அவள் உள்ளே கையைவிட்டுப் பார்த்தாள். அவனையும் விடச் சொன்னாள். பிறகு ராஜாவாக உள்ளே வைக்க ஒரு கூழாங்கல் தேடினார்கள். பிடித்த கல் லேசில் கிடைக்கவில்லை.

அவன் கூடத்துக்குத் திரும்பியபோது முழங்கை வரை சேறு. பரஞ்சோதி புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றிருந்தார். அடுக்களையிலிருந்து ரசம் தாளிக்கிற வாசனை வந்தது.

"ஏதோ கேக்க வந்தியே நேசா?"

சிவநேசன் யோசித்தான். நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு இன்னும் கொஞ்சம் யோசித்தான்.

"மறந்துபோச்சு அய்யா."

"சரி. ரெண்டு பேரும் கையைக் கழுவிக்கிட்டு வாங்க" என்றார் பரஞ்சோதி. "இலை போட்டாச்சு."