மாப்பிள்ளைக்கு இன்னும் வாய் வரவில்லை

கரட்டுப்பட்டி பிளக்ஸ் கடையில் மூன்று பேர். தவசி முதலாளி. ஒச்சப்பன் அவன் மச்சினன். விருமன் வேலையாள். மூன்று பேர் புத்தியையும் சேர்த்துக் கரைத்தாலும் ஒரு தம்ளர் நிறையாது.

அன்று நாலு மணிக்குத் தவசியின் தங்கை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு. மண்டப வாசலில் மாப்பிள்ளை முகம் போட்ட பேனர் நிற்காவிட்டால் பையன் வண்டியை விட்டு இறங்க மாட்டான் என்று மாப்பிள்ளையின் தாய்மாமன் கறாராகச் சொல்லிவிட்டார்.

கடையிலிருந்த டிசைன் சாஃப்ட்வேர் பழசு. புது லேப்டாப்பில் ஓடாது. அதற்காக லேப்டாப்புக்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்று ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓட்டினார்கள். அதில் படம் நகர மறுத்தது. மாப்பிள்ளை போட்டோவைப் பிடித்து இழுத்தால், விருமன் ஒரு பீடி குடித்து முடிக்கையில் அரை விரல் தள்ளி நிற்கும்.

லேப்டாப் விற்றவருக்குப் போன் போட்டான் தவசி. அவர் பொறுமைசாலி. லேப்டாப் வீட்டுக்காரர் மாதிரி, உள்ளே ஓடுவது விருந்தாளி மாதிரி, விருந்தாளிக்கு மெமரியைக் கொஞ்சம் கூட்டி வை என்றார்.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"விருந்தாளிக்குப் போய்க் கொஞ்சமா வச்சா ஊர்ல என்ன மாமா பேசுவாங்க?" என்றான் ஒச்சப்பன்.

தவசிக்கு ரோஷம் வந்துவிட்டது. இருந்த மெமரி மொத்தத்தையும் விருந்தாளிக்கே வைத்தான். வீட்டுக்காரர் பட்டினி. லேப்டாப் அசையவில்லை.

மறுபடி போன். ஆஃப் பண்ணிப் போடு, விருந்தாளி மெமரியைப் பாதியாகக் குறை, படம் வேகமாக நகர 3டி ஆக்சிலரேஷனை ஆன் பண்ணு, சார்ஜரைச் செருகு என்றார். செய்தார்கள். படம் சுறுசுறுப்பாக ஓடியது.

அதோடு விட்டிருக்கலாம். விடுவார்களா?

"இன்னும் வேகமா ஓடணும்னா?" என்றான் தவசி.

விருமன் நெடுநேரம் தாடையைச் சொறிந்தான். "ஒத்தையில உக்காந்திருக்காருண்ணே. பேச்சுத் துணைக்கு ஒருத்தர் இருந்தா தெம்பா வேலை பாப்பாரு."

நியாயமாகத்தான் பட்டது. விருந்தாளிக்குள் இன்னொரு விருந்தாளியை ஏற்றினார்கள். இருவர் என்றால் சண்டை வரும் என்று, அவருக்குள் மூன்றாவதாக ஒருவரையும் ஏற்றினார்கள். இனி எல்லாருக்கும் உள்ளே கடைசியாக இருப்பவரிடம்தான் பேனர் வேலை. மவுஸை ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தார்கள். அந்தத் தட்டு அப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்திருந்தது.

மாப்பிள்ளை திரையில் வரி வரியாக வந்தார். ஒரு மணிக்கு முடி. இரண்டுக்கு நெற்றி. மூன்றுக்குக் கண். மூன்றரைக்கு மூக்கு முடிந்தது. அதற்கு மேல் தவசிக்குத் தாங்கவில்லை. மூக்கு வரைக்கும் வந்ததையே பிரிண்ட் போட்டுவிட்டான்.

பேனர் ஏறியது. மாப்பிள்ளை வண்டி வந்தது. தாய்மாமன் பேனரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "இது நம்ம பையன் இல்லையே. இவனுக்கு வாயிருக்கு."

தவசி வண்டிக்கு ஓடினான். தங்கை வாழ்க்கை. தோளில் கிடந்த துண்டை எடுத்தான். வண்டியிலிருந்த மாப்பிள்ளையின் மூக்குக்குக் கீழே, வாய் தெரியாமல் இறுக்கிக் கட்டினான்.

தாய்மாமன் மறுபடி பார்த்தார். "ம், இப்பச் சரி. இறங்குடா."

மேளம் கொட்டியது. தவசிக்கு உயிர் வந்தது. சர்பத்தை நீட்டினான்.

மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார். "வச்சிருங்க மச்சான். எனக்கு வாய் வந்ததும் குடிச்சுக்கிறேன்."