தோற்றுப்போன வழிகள்

இந்தக் கதையைப் பல வருடங்களாகச் சந்தேகித்து வருகிறேன். பொய் என்று ஒதுக்கவும் முடியவில்லை. எனக்கு இதைச் சொன்னவர் செண்பகம் டீச்சர். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் அவருடைய வேலையே கதை.

கேட்டபடி எழுதுகிறேன்.

*

“என் மகன் என் கதையைப் படிக்கானான்னு எனக்குத் தெரியணும், டீச்சர்,” என்றார் இருதயராஜ்.

தூத்துக்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார். அவருக்கு ஐம்பத்தாறு வயது. டீச்சருக்கு முப்பத்தெட்டு.

வேதாரண்யத்தில் உப்பளங்கள் முடிகிற இடத்தில் டீச்சரின் வீடு. நண்பகலில் அங்கே தரையும் வானமும் ஒரே வெள்ளை. தூரத்தில் நடக்கிறவர்கள் கால் இல்லாமல் மிதந்து போவார்கள்.

“உக்காருங்க அண்ணாச்சி. மோர் குடிங்க.”

“மோர் அப்புறம்.”

“மோர் முதல்ல.”

குடித்தார்.

*

டீச்சர் இணையத்தில் ஒரு கதைத்தளம் நடத்திவந்தார். எழுதுகிறவர் வாரம் ஓர் அத்தியாயம் போடுவார். அதன் முடிவில் இரண்டு பட்டன்கள் இருக்கும். கதை எந்த வழியில் போகவேண்டும் என்று வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். வென்ற வழியில்தான் அடுத்த வாரம் எழுதவேண்டும்.

டீச்சரிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு இன்னொரு விதியும் உண்டு. தோற்ற வழியையும் எழுதவேண்டும். அதை அவருக்கு மட்டும் அனுப்பவேண்டும். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதில்லை.

அவரிடம் கற்றுக்கொண்ட இருதயராஜின் கதை ‘நான்’ என்று தொடங்கியது. முதல் அத்தியாயம் நடந்தது நடந்தபடியே. மகன் கிளாட்வின் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்து வாசலில் நிற்கிறான். அப்பா கையை ஓங்குகிறார்.

இரண்டு பட்டன்கள். அடிக்கிறார். அடிக்கவில்லை.

வாசகர்கள் அவரை அடிக்க விடவில்லை.

அதனால் கதையில் மகன் வீட்டிலேயே இருந்தான். அப்பாவும் மகனும் சேர்ந்து மீன் வாங்கப் போனார்கள். அவனுக்குக் கல்யாணம் ஆனது. ஒரு பெண் பிறந்தாள். எட்டு வருடமாக மகனின் குரலைக் கேட்காத மனிதர், வெள்ளிக்கிழமைதோறும் பேத்திக்குத் தலை பின்னிவிட்டார்.

*

“பேத்தி எப்படி இருக்கா?” என்று கேட்டார் டீச்சர்.

“முன்பல்லு ரெண்டும் விழுந்துட்டு டீச்சர். சிரிச்சா அப்படியே...”

நிறுத்திக்கொண்டார். டம்ளரைப் பார்த்தார்.

“நக்கல் பண்ணுதீங்க.”

“இல்ல அண்ணாச்சி. எனக்கும் அவளைத் தெரியும்ல.”

வெளியே யாரோ உப்பு வாரும் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை.

“ஒரு வாசகர் இருக்கார், டீச்சர். பேர் போட மாட்டார். போன வாரம் கமெண்ட்ல ஒரு வரி எழுதியிருக்கார். ‘அன்றைக்கு அவன் செருப்புகூடப் போடாமல் போனான்.’”

“கதையில அவன் போகவே இல்லையே.”

“அதான் டீச்சர்! நான் அடிச்சதும் அவன் வெறுங்காலோடதான் போனான். அது மூணு பேருக்குத்தான் தெரியும். எனக்கு, அவனுக்கு, ஆண்டவருக்கு.”

“ஆண்டவர் கமெண்ட் போடமாட்டார்.”

“அப்போ அவன்தானே?”

டீச்சர் காலி டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

“அவன் எங்க இருக்கான்னு தெரியுமா?”

“நாகப்பட்டினத்துல. போட் இன்ஜின் ரிப்பேர் பாக்கான்.”

“எட்டு வருசமாவா தெரியும்?”

“ஏழு.”

“இங்கேருந்து ஒன்றரை மணி நேரம், அண்ணாச்சி.”

“தெரியும் டீச்சர். அவன் படிக்கான்னு மட்டும் தெரிஞ்சா போயிருவேன். படிக்கலைன்னா, எந்த முகத்தை வச்சிக்கிட்டுப் போக?”

டீச்சர் மடிக்கணினியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

“இந்த வாரத்து அத்தியாயத்தை இங்கேயே எழுதுங்க. பட்டன் ஒண்ணே ஒண்ணு.”

“ஒண்ணுதான்னா அதுக்குப் பேரு ஓட்டா?”

“எழுதுங்க.”

“என்னத்த எழுத?”

டீச்சர் உள்ளே போய்விட்டார்.

*

மூன்று மணி நேரத்தில் ஐந்து வரி எழுதினார்.

நான் அவனை அடித்தேன். அவன் போனான். நான் கூப்பிடவில்லை. கல்யாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. பேத்தி இல்லை.

கீழே ஒரே ஒரு பட்டன்: ‘அப்பா வரலாம்.’

தளத்தில் போட்டதும் திட்டுகள் வந்தன. குழந்தையைக் கொன்றுவிட்டீர்களே என்று ஒரு பெண் எழுதினாள். இத்தனை நாள் எங்களை அழவைத்தது பொய்யா என்று இன்னொருவர் கேட்டார். இதுதான் பொய், முன்னால் எழுதியதுதான் நிஜம் என்று ஒருவர் அடித்துச் சொன்னார். ஒருவரும் பட்டனைத் தொடவில்லை. பக்கத்தில் பூஜ்யம் அப்படியே நின்றது.

வெயில் தாழ்ந்தது. உப்புக் குவியல்கள் ஒவ்வொன்றாக இளஞ்சிவப்பாயின. இருதயராஜுக்குத் தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே சற்று நேரம் மறந்துபோனது. பேத்தியின் தலைமுடி விரலில் வழுக்குவது போல இருந்தது.

பூஜ்யம் ஒன்றானது.

“டீச்சர்! ஒண்ணு விழுந்திருக்கு!”

“அப்படியா?” என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

“அவன்தான் டீச்சர்! அவனேதான்!”

“ஆறு மணிக்கு நாகப்பட்டினம் பஸ் இருக்கு,” என்றது குரல். “பையை மறந்துறாதீங்க.”

*

அவர் போய்ச் சேர்ந்தபோது கிளாட்வின் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். திரும்பிப் பார்த்தான். ஷட்டர் பாதியில் நின்றது.

“நீ ஓட்டுப் போட்டேல்லா. அதான் வந்தேன்,” என்றார் இருதயராஜ்.

“என்ன ஓட்டுப்பா?”

“நெட்ல. என் கதைக்கு.”

“நான் கதையெல்லாம் படிக்கிறதில்லையே.”

இருதயராஜ் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

கிளாட்வின் பழந்துணியில் கையைத் துடைத்தான். ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

“சாப்பிட்டீங்களாப்பா?” என்றான்.

*

டீச்சர் அத்தோடு முடித்துக்கொண்டார். நானும் அன்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதன்பிறகு எத்தனையோ முறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கேட்க நினைத்து, மோரைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எனக்கும் இப்போது இருதயராஜின் வயது. போன மாதம் கேட்டேவிட்டேன்.

“தோத்த வழியை அவர் உங்களுக்குத்தானே அனுப்பினார். செருப்பு பத்தி எழுதினது நீங்க. பட்டனை அழுத்தினதும் நீங்க. அது எனக்கு அன்னைக்கே தெரியும், டீச்சர். அந்தப் பையன் நெசமாவே சாப்பிட்டீங்களான்னு கேட்டானா?”